விரல்கள் அறிந்தது
(மும்பை மாட்டுங்காவில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். 'கைக்கருவி முதல் தொடுதிரை வரை' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். உரல், அம்மியில் தொடங்குவேன் என்று யாராவது எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிக்க வேண்டும். உரலைப் பற்றிப் பேசும் தகுதி அதில் மாவு ஆட்டியவர்களுக்கு உண்டு. நான் ஆட்டிய மாவில் இட்லி தின்றவன். என் கைக்குத் தெரிந்த கருவி தட்டச்சுப்பொறி ஒன்றுதான்.

1974-இல் மெட்ராஸ் மெயிலில் வந்து தாதரில் இறங்கியபோது என் தகரப் பெட்டியில் இருந்த ஒரே சொத்து ஆங்கிலத் தட்டச்சு ஹையர் தேர்வுச் சான்றிதழ். நிமிடத்துக்கு 45 சொற்கள். 'மதராஸி' என்பது வசைச் சொல்லாக இருந்த காலம் அது. ஆனாலும் கோட்டைப் பகுதி அலுவலகங்களில் எங்களுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. இந்த மாட்டுங்காவில் வாடகை கொடுத்துக் குடியிருந்த பாதிப் பேர் அந்த நாற்காலியை நம்பித்தான் இருந்தார்கள்.

கும்பகோணத்துப் பயிலகத்தில் ஆசிரியர் முதலில் செய்த காரியம், என் கைகளின்மேல் ஒரு துண்டை விரித்ததுதான். விசைகளைப் பார்க்கவே கூடாது. ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப் என்று ஒரு வாரம் முழுக்க அதே வரி. இருப்பதிலேயே நோஞ்சானான இடது சுண்டுவிரலுக்கு ஆங்கிலத்தில் ஓயாமல் வரும் 'ஏ'யைக் கொடுத்த மகானுபாவர் யார் என்று அன்று மனத்துக்குள் திட்டினேன். பெயர் பிறகுதான் தெரிந்தது: அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்துக் கிறிஸ்டோபர் ஷோல்ஸ். அவருடைய பொறியை ரெமிங்டன் நிறுவனம் 1874-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் ஊர்க் கோத்ரெஜ் 1955-இல் தட்டச்சுப்பொறி செய்யத் தொடங்கி 2009 வரை செய்தது. பொறிகள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. ஷோல்ஸ் வழிவந்த எழுத்து வரிசை மட்டும் உங்கள் சட்டைப் பையில், கண்ணாடிக்குள் இன்னும் குடியிருக்கிறது.

அடிப்பதில் எத்தனை நுணுக்கம் தெரியுமா? மேலே ஒரு தாள், கார்பன் வைத்துக் கீழே ஐந்து. ஆறாவது தாளில் எழுத்து விழும்படி ஓங்கி அடிக்க வேண்டும். அதே வேகத்தில் முற்றுப்புள்ளியை அடித்தால் மேல்தாளில் ஓட்டை விழும். ஆகவே எழுத்துக்கு ஓர் அழுத்தம், புள்ளிக்கு வேறு அழுத்தம். நிறையப் பிரதி எடுக்க ஸ்டென்சில் என்ற மெழுகுத் தாளில் அடித்து எழுத்தை வெட்டும்போது, ஆங்கில 'ஓ'வைச் சற்று அழுத்திவிட்டால் நடுவட்டம் கழன்றுவிடும். பிறகு அதை வைத்து மை உருட்டி எடுக்கும் சைக்ளோஸ்டைல் பிரதிகள் எல்லாவற்றிலும் ஒரு கறுப்புப் பொட்டுதான் வரும். இந்தக் கணக்கையெல்லாம் மூளை போடவில்லை, விரல்களே போட்டுக்கொண்டன. வரி முடியப் போகிறது என்று மணி அடிக்கும். இடது கை தானாக நெம்புகோலைத் தள்ளும். கண் சுருக்கெழுத்துக் குறிப்பேட்டை விட்டு நகராது.

தொலைபேசியும் அப்படித்தான். சுழல்வட்டில் 1 என்றால் ஒரு துடிப்பு, 0 என்றால் பத்து. இருட்டிலும் துளைகளை எண்ணி விரலை விடலாம். பையன்கள் வெளியூருக்குப் பேசி டிரங்கால் செலவு வைத்துவிடுவார்கள் என்று முதலாளிகள் வட்டுக்கு ஒரு சின்னப் பூட்டுப் போடுவார்கள். அதற்கும் வழி இருந்தது. ரிசீவர் வைக்கும் கொக்கியைச் சரியான தாளத்தில் தட்டினால் இணைப்பகம் அதையும் துடிப்பாகவே எண்ணிக்கொள்ளும். என் நண்பர் ஒருவர் ஏழு இலக்கத்தையும் தட்டியே போடுவார். மிருதங்கம் படித்தவர். அவருக்கு அது எளிது.

இனி கண்ணாடிக்கு வருவோம். தொடுதிரை நேற்று வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். இங்கிலாந்தின் மால்வர்ன் ரேடார் ஆய்வகத்தில் ஈ. ஏ. ஜான்சன் 1965-லேயே அதைப் பற்றி எழுதிவிட்டார். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக யோசித்தது. 2007-இல் ஐபோன் வந்த பிறகுதான் அது வீட்டுச் சாமானாயிற்று. இன்றைய திரையில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திப் பூச்சு இருக்கிறது. விரல் பட்டால் அந்த இடத்து மின்புலம் சிறிது மாறும். எங்கே மாறியது என்பதைச் சில்லு கண்டுபிடிக்கும். விரலின் பலம் அதற்கு வேண்டாம், உடம்பில் மின்சாரம் ஓட முடிந்தால் போதும். அதனால்தான் நகத்தால் தட்டினால் பேசாமல் இருக்கிறது. ஜூலை மழையில் நனைந்த கையோடு பிளாட்பாரத்தில் டிக்கெட் எடுக்கப் பாருங்கள்: துளியையும் விரல் என்று நினைத்துக்கொண்டு, கேட்காததையெல்லாம் திறக்கும்.

பழந்தமிழில் 'தொடு' என்றால் தோண்டு என்றும் பொருள் உண்டு. இந்தத் தொடுதலில் ஆழம் எங்கே? எனக்குள்ள மனக்குறை இதுதான். தொட்டே வேலை செய்த பொறிக்குக் கண் வேண்டியிருக்கவில்லை. 'தொடுதிரை' என்று பெயர் வைத்துக்கொண்ட பொருளுக்கோ பார்க்காமல் ஒன்றும் ஆகாது. கணினி விசைப்பலகையிலாவது எஃப், ஜே விசைகளில் சின்ன மேடு வைத்தார்கள். கண்ணாடியில் எல்லா இடமும் ஒரே வழவழப்பு. தொட்டால் லேசாக அதிரும்படி செய்திருக்கிறார்கள். அது ஒப்புக்குத் தலையாட்டும் குமாஸ்தா மாதிரி.

உடனே என் பேத்தி மறுப்பாள். பார்வையற்ற அவள் தோழி ஒருத்தி, திரையில் விரல் போகும் இடத்தையெல்லாம் போன் குரலில் வாசிக்கக் கேட்டு, என்னைவிட வேகமாகச் செய்தி அனுப்புகிறாள். நானும் பார்த்தேன். அதை மறுக்க என்னிடம் பதில் இல்லை. ஆனால் அங்கும் உணர்வது காதுதான், விரல் அல்ல என்று முணுமுணுத்தேன். பேத்தி சிரித்தாள்.

இன்று மாலை இங்கே வரக் குர்லாவில் லோக்கல் ஏறினேன். அறிவிப்பு மராத்தியில் வந்தது, இந்தியில் வந்தது. மூன்றாவதாக ஆங்கிலத்தில், 'நெக்ஸ்ட் ஸ்டேஷன், மாட்டுங்கா' என்றது. மடியில் இருந்த பையைப் பார்த்தேன். பத்து விரல்களும் அதன்மேல் அதை அடித்து முடித்திருந்தன. முற்றுப்புள்ளியை மட்டும் மெல்ல.