முதுகுவலிக்கு உடனே ஸ்கேன் வேண்டுமா?

[காட்சி: சோமனூரில் ஒரு விசைத்தறிக் கூடம்]

வணக்கம். சோமனூரில் தறி ஓட்டுபவர்களுக்கும் திருப்பூரில் நாள் முழுவதும் குனிந்து தைப்பவர்களுக்கும் முதுகுவலி புதிதல்ல. வலி வந்த சில நாட்களிலேயே கோவைக்கோ ஈரோட்டுக்கோ போய், "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாமுங்களா, டாக்டர்?" என்று கேட்பதுதான் நம் காலத்தில் வந்த பழக்கம்.

[காட்சி: பழைய சி.டி. கருவியின் வரைபடம்]

உலகெங்கும் இப்படித்தான். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் ஒரு பெண்ணின் மூளையை சி.டி. ஸ்கேன் (எக்ஸ்ரே கதிர்களால் உடலைக் குறுக்குவெட்டாகக் காட்டும் கருவி) முதன்முதலாகப் படமெடுத்தது. அமெரிக்காவில் 1980இல் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சமாக இருந்த சி.டி. ஸ்கேன்கள் 2007இல் 6 கோடியைத் தாண்டின. அன்று ஒரு குறுக்குவெட்டுப் படத்துக்கே நிமிடக்கணக்கில் காத்திருந்தார்கள். இன்று மூச்சை ஒருமுறை அடக்கி விடுவதற்குள் மார்பு முழுவதும் படமாகிவிடுகிறது.

இந்த வேகம் உயிர் காக்கிறது. பக்கவாதம் வந்தவருக்கு, இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்று ஸ்கேன் காட்டாமல் அதைத் தொடங்க முடியாது. ஆகவே கை கால் இழுத்துக்கொண்டால், "விடிஞ்சதும் போலாமுங்க" என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

[காட்சி: முதுகுத்தண்டின் எம்.ஆர்.ஐ. படம்]

சாதாரண முதுகுவலியின் கதை வேறு. காந்தத்தைக் கொண்டு படமெடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை என்றாலும், வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களைப் படமெடுத்தாலும் ஏறக்குறைய 60 விழுக்காட்டினருக்கு 'டிஸ்க் பிதுங்கல்', அதாவது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற தட்டு வெளியே புடைத்திருப்பது, தெரிகிறது. ஸ்கேன் அறிக்கையில் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர் குடம் தூக்கவும் அஞ்சி முடங்குவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கால் பலமிழப்பது, சிறுநீர் மலம் கட்டுக்குள் நில்லாதது, காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிவது, முன்பு புற்றுநோய் இருந்தது, கீழே விழுந்தது போன்ற அறிகுறிகள் இருந்தால் உடனே படம் தேவை. இல்லையென்றால் முதல் ஆறு வாரங்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

சி.டி.யில் கதிர்வீச்சு உண்டு. வயிற்றுக்கு ஒருமுறை எடுப்பது, மண்ணிலும் காற்றிலும் இயல்பாக நாம் பெறும் கதிர்வீச்சில் ஏறத்தாழ மூன்று ஆண்டு அளவுக்குச் சமம். தேவையான இடத்தில் அதற்காகப் பயப்பட வேண்டாம்; ஆனால் குழந்தைகளுக்கு எடுக்கும்போது, அல்ட்ராசவுண்டு போதுமா என்று கேளுங்கள்.

[காட்சி: மஞ்சப்பையில் ஸ்கேன் பிலிம்கள்]

மருத்துவமனை மாறும்போது பழைய பிலிமையும் ஸ்கேன் பதிவுள்ள குறுந்தட்டையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அவற்றைப் பார்த்தபின், புதிதாக எடுக்க வேண்டியதில்லை என்று மருத்துவரே சொல்லக்கூடும்.