வாய்ப்புண்ணுக்குச் சீனத் தர்பூசணி உப்பு: எப்படிச் செய்றாங்க, எதைப் பார்த்து வாங்கணும்

வணக்கம்ங்க. சீன மருந்துக் கடையில வாய்ப்புண்ணுன்னு சொன்னா பெரும்பாலும் கைக்கு வர்றது ஒரு வெள்ளைப் பொடி. பேர் ஷிகுவாஷுவாங். தர்பூசணியை வச்சு எடுக்கிற உப்பு.

செய்முறை ரொம்ப அழகானது. மெருகு பூசாத மண்பானை எடுத்துக்கணும். பழத்தைத் தோலோட நறுக்கி ஒரு அடுக்கு, மேல கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்) ஒரு அடுக்கு, இப்படியே மாத்தி மாத்தி. சீன அரசோட மருந்துத் தரநூல் கணக்கு, 100 கிலோ பழத்துக்கு 15 கிலோ உப்பு. வாயை இறுக மூடி நிழல்ல, காத்தோட்டமான இடத்துல தொங்க விடுவாங்க. சாறுல கரைஞ்ச உப்பு பானையோட நுண்துளை வழியா கசியும், ஈரம் காயும், சில நாள்ல வெளிப்பக்கம் வெள்ளையா பூக்கும். பானையோட அடிப்பக்கத்துல ரோமம் முளைச்ச மாதிரி நிக்கும். பூக்கப் பூக்கத் துடைச்சு எடுக்கணும்.

மெருகு பூசின பானைன்னா ஒண்ணுமே வெளிய வராது. வெயில் காலமும் ஆகாது, ஏன்னா கிளாபர் உப்பு 32 டிகிரியைத் தாண்டினா தன்கிட்ட இருக்கிற நீர்லயே உருகிடும். அதனாலதான் இலையுதிர் காலத்துல செய்றாங்க.

போடும்போது முதல்ல வாயைக் கொப்பளிங்க. புண் மேல இருக்கிற எச்சிலைப் பஞ்சால ஒத்தி எடுங்க. இதை விட்டுட்டா பொடி எச்சிலோட வழிஞ்சு தொண்டைக்குப் போயிடும். ஒரு சிட்டிகை போதும். குழாயில ஊதிப் போடுறதா இருந்தா அந்த நேரம் மூச்சை அடக்கிக்கணும், இல்லைன்னா இருமல் வரும். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாதீங்க.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன். குய்லின் ஊர்ல இருந்து வர்ற தர்பூசணி உப்பு ஸ்ப்ரேல அந்த உப்பு மட்டும் இல்ல, வெங்காரம் (போராக்ஸ்) உட்பட இன்னும் பல சரக்கு சேருது. பிங்பெங்ஸான்னு இன்னொரு பழைய பொடி, 1617-ல வந்த அறுவை மருத்துவ நூல்ல இருக்கு. அதுல வெங்காரத்தோட சாதிலிங்கமும் உண்டு, அதாவது பாதரசம் கலந்த சிவப்புத் தாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இதை நான் சொல்லவே மாட்டேன்.

உள்ளுக்குக் குடிக்கிற தாவ்ச்சிஸான் கஷாயம், 1119-ல வந்த குழந்தை மருத்துவ நூலோடது. பச்சை ரெஹ்மானியாக் கிழங்கு, மூதோங் தண்டு, அதிமதுரம், மூங்கில் இலை. நாக்கு நுனி சிவந்து, சிறுநீர் மஞ்சளா எரிச்சலோட போற ஆளுக்குன்னு குடுப்பாங்க. இதுல மூதோங்தான் சிக்கல். குவான் மூதோங்னு ஒரு வகை, நம்ம ஆடுதீண்டாப்பாளையோட இனம். அதுல இருக்கிற அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும், புற்றுநோயும் வரும். சீனாவே 2003-ல அதை மருந்துப் பட்டியல்ல இருந்து நீக்கிடுச்சு. பழைய சரக்கு, சீட்டு ஒட்டாத பொட்டலம் ரெண்டையும் தொடாதீங்க. "மூதோங்"னு மட்டும் போட்டிருந்தா எந்த மூதோங்னு கேளுங்க. அகேபியா, கிளமாட்டிஸ் இந்த ரெண்டு செடியில ஒண்ணுன்னு தெளிவா பதில் வரணும்.

சாதாரண வாய்ப்புண் ஒண்ணு ரெண்டு வாரத்துல தானாவே ஆறிடும். மூணு வாரம் தாண்டியும் ஆறலையா, ஓரம் கெட்டியா இருக்கா, பொடி போடுறதை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க.