பட்டன் டயரா, மொட்டை டயரா? ரோபோ சக்கரம் பற்றி ஒரு மாணவரின் சந்தேகம்

வணக்கம் மக்களே. இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக என்னை விடவில்லை. திருவட்டாறு பக்கத்திலிருந்து பதினொன்றாம் வகுப்புத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பெட்டியைத் தள்ளும் போட்டிக்கு ரோபோ செய்திருக்கிறோம். எடை 1 கிலோ 200 கிராம், மஞ்சள் பிஓ மோட்டார் (பேட்டரியில் ஓடும் சின்ன கியர் மோட்டார்) நான்கு. தள்ளும்போது சக்கரம் வழுக்குகிறது. இரண்டு மாதத்தில் டயர் தேய்ந்தும் போனது, ஒன்று ரிம்மை விட்டுக் கழன்றே விட்டது. ஆழமான பட்டன் உள்ள டயர் வாங்கினால் பிடிப்பும் கிடைக்கும், நாளும் உழைக்கும் அல்லவா?"

தம்பி, நீங்கள் இருப்பது ரப்பர் தோட்டத்து நடுவில். நானும் அங்கேதான் வளர்ந்தேன், அப்பா பால் வெட்டுக்காரர். காலையில் சிரட்டையில் சேர்ந்த பாலை அரித்து, தண்ணீர் விட்டு, ஃபார்மிக் ஆசிட் சேர்த்துத் தட்டில் உறையவிடுவார்கள். உறைந்ததை முதலில் வழுவழுப்பான ரோலரில் விட்டு நீர் பிழிவார்கள். பிறகு வரி போட்ட ரோலரில் விடுவார்கள். அந்த வரி எதற்கு? சின்ன வயதில் நான் அழகுக்கு என்று நினைத்திருந்தேன். அப்பா ஒரு ஷீட்டை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஈரம் எங்கே நிற்கிறது என்று காட்டினார். வரி இருந்தால் காற்றுப் படும் பரப்பு கூடும், சீக்கிரம் காயும். ஒரு ஷீட் இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளவும் செய்யாது.

டயர் பட்டனும் அப்படித்தான். மழைத்தண்ணீர் வெளியேற வழி, சேற்றைக் கடித்துப் பிடிக்கப் பல். உங்கள் போட்டி நடப்பது பிளைவுட் மேல் விரித்த ஃப்ளெக்ஸில். அங்கே தண்ணீரும் இல்லை, சேறும் இல்லை. பட்டன் ஆழமாக இருந்தால் தரையைத் தொடும் ரப்பர் குறைகிறது, அவ்வளவுதான். காய்ந்த தளத்தில் கார் பந்தயம் ஓட்டுபவர்கள் மொட்டை டயர்தான் போடுகிறார்கள். நம் ரோபோவுக்கும் மொட்டை டயர் போதும், மென்மையான மொட்டை டயர்.

மென்மை என்று எதைச் சொல்கிறேன்? நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து, விரலை எடுத்ததும் எழும்ப வேண்டும். மென்மையான ரப்பர் தரையின் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளத்துக்குள் இறங்கி உட்காரும், அதனால் பிடிக்கும். கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மென்மை. சுமோ ரோபோ, அதாவது எதிராளியை வட்டத்துக்கு வெளியே தள்ளும் ரோபோ செய்பவர்கள் 30-ஐ ஒட்டிய சிலிக்கான், பாலியூரித்தேன் ரப்பரை அச்சில் ஊற்றிச் சக்கரம் செய்கிறார்கள். 3டி பிரிண்டரில் அடிக்கும் டிபியு என்ற வளையும் பிளாஸ்டிக் பெரும்பாலும் 95. பார்வைக்கு ரப்பர் மாதிரி இருக்கும், ஃப்ளெக்ஸில் வழுக்கும்.

நாள் உழைக்க வேண்டும் என்றும் கேட்டீர்கள். இங்கேதான் இழுபறி. கறுப்பு டயர் ஏன் கறுப்பு? அதில் கார்பன் கரி கலந்திருக்கிறது. அது தேய்மானத்தைக் குறைக்கும், கூடவே ரப்பரை இறுக்கியும் விடும். வெளிறிய ரப்பர் பேண்ட் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். வெயில் பட்டால் வெடிக்கும், எண்ணெய் பட்டால் ஊதும். 1839-ல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறையைக் கண்டுபிடிக்கும் முன், வெயில் காலத்தில் பிசுபிசுக்காமலும் குளிரில் விறைக்காமலும் ரப்பரை வைத்திருக்க வழியில்லை. உங்கள் வீட்டு ஒட்டுப்பாலை (மரத்திலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிய ரப்பர் பாலை) உருட்டிச் சக்கரத்தில் சுற்றிப் பார்க்க ஆசை வரும். சுற்றிப் பாருங்கள், ஒரு மத்தியானத்தில் கந்தகத்தின் அருமை தெரியும்.

ஆனால் தம்பி, உங்கள் டயரைத் தின்றது திருப்பம் என்று நினைக்கிறேன். நான்கு சக்கரமும் திசை மாறாமல் பூட்டியவை. ரோபோ திரும்பும்போது நான்கும் பக்கவாட்டில் இழுபடுகின்றன. பிடிப்பு கூடக்கூட அந்த இழுவையும் கூடும். கிறீச்சென்று சத்தம் வரும், டயர் ரிம்மிலிருந்து உருண்டு கழலும். பின்னால் இரண்டில் மட்டும் மென்மையான டயர் போடுங்கள். முன் இரண்டில் வழுக்கும் சக்கரமோ, பக்கவாட்டிலும் உருள விளிம்பில் சின்ன உருளைகள் வைத்த ஆம்னி சக்கரமோ போதும். அதற்கேற்ப பேட்டரியைப் பின் அச்சுக்கு மேலே நகர்த்துங்கள். எடை எந்தச் சக்கரத்தின் மேல் இருக்கிறதோ அதுதான் பிடிக்கும். ரிம்மைத் துடைத்து, டயரின் உள்பக்கத்தில் ஒரு சுற்று ஃபெவிக்விக் விடுங்கள். சிலிக்கான் டயரில் மட்டும் அது ஒட்டாது.

இனி, நீங்கள் கேட்காத கேள்வி. எனக்கு மிகவும் பிடித்தது: பிடிப்பு எவ்வளவு என்று எப்படி அளப்பது? பழைய வீடியோக்களில் சொன்னதுதான், மறுபடியும் சொல்கிறேன். பிடிப்பு டயரிடம் மட்டும் இல்லை, டயரும் தரையும் சேர்ந்த ஜோடியிடம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் நாகர்கோவில் பக்கம் ஒரு போட்டிக்கு என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டுச் சிமெண்டுத் தரையில் ஒரு மாதம் பழகிய ரோபோ. அங்கே ஃப்ளெக்ஸில் வைத்ததும் முதல் திருப்பத்திலேயே கிறங்கிக்கொண்டு சுற்றியது. ஒரு பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. டயரைத் தொட்டுப் பார்த்தேன், மாவு பூசியது போல் சிமெண்டுத் தூசி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தோம். துணி கறுத்தது, டயர் விரலைப் பிடித்தது. அடுத்த சுற்றில் அதே டயர் தள்ளியது. அன்று புது டயர் வாங்கியிருந்தால் அதையும் தூசியில்தான் ஓட்டியிருப்போம்.

அதனால் முதலில் ஒரு துண்டு ஃப்ளெக்ஸ் வாங்குங்கள், பழைய பேனர் கிடைத்தாலும் சரி. டயரைத் துடையுங்கள். சக்கரம் உருளாதபடி டேப் போட்டுச் சட்டத்தோடு கட்டுங்கள், டேப் தரையில் படக்கூடாது. மீன் நிறுக்கும் தொங்கு தராசைப் பின்னால் மாட்டி, தரைக்கு இணையாக மெல்ல இழுங்கள். ரோபோ நகரத் தொடங்கும்போது தராசு என்ன காட்டுகிறது? 600 கிராம் என்றால், ரோபோவின் எடையான 1200-ஆல் வகுத்து 0.5, அதுதான் பிடிப்பின் அளவு. ஒரு கிலோ என்றால் 0.83. துடைப்பதற்கு முன் ஒருமுறை, துடைத்த பின் ஒருமுறை, பழைய டயர், புது டயர், ரப்பர் பேண்ட் சுற்றிய டயர், எல்லாவற்றையும் இழுத்து நோட்டில் எழுதுங்கள்.

சிலர் டயரில் பசை தடவச் சொல்வார்கள். வேண்டாம். சுமோ போட்டி விதிகளில் ரோபோவை ஏ4 தாள் மேல் வைத்துத் தூக்கிப் பார்ப்பார்கள். தாள் இரண்டு நொடிக்கு மேல் ஒட்டிக்கொண்டு வந்தால் அனுமதி இல்லை. உங்கள் போட்டி விதியையும் அச்சிட்டு வைத்துப் படியுங்கள்.

தராசில் வந்த எண்களைக் கீழே எழுதுங்கள் தம்பி. துடைப்பதற்கு முன் வந்த எண்ணையும் சேர்த்து எழுத மறக்க வேண்டாம், எனக்கு அதைப் பார்க்கத்தான் ஆவலாக இருக்கிறது. அதை வைத்து மோட்டார் கணக்கை அடுத்த வாரம் போடலாம்.