கூண்டு ஏத்த ஆள் வேணும்

(ராயபுரத்துல ஒரு படிப்பகக் கூட்டத்துல பேசினது, பேசின மாதிரியே எழுதிருக்கேன்)

எல்லாருக்கும் வணக்கம். ராஜாஜி சாலையில போறப்ப ஹார்பர் நூற்றாண்டு கட்டடத்து மேல பெருசா ஒரு வெள்ளை உருண்டை இருக்கே, பாத்திருப்பீங்க, அதுக்குள்ள இருக்கறது டாப்ளர் ரேடார், 2002ல வெச்சாங்க. கடல்ல மேகம் எங்க கட்டுது, எந்தப் பக்கம் நகருதுன்னு படம் போடும். படம்தான் போடும். அதப் பாத்து இது ஆபத்துன்னு புரிஞ்சு போனை எடுத்து சொல்றதுக்கு ஒரு மனுஷன் உக்காந்திருக்கணும், அந்த நாற்காலியப் பத்திதான் பேச வந்தேன்.

எங்கப்பா ஹார்பர்ல மூட்டை தூக்கினவரு. ஐப்பசி, கார்த்திகை வந்துட்டா, கப்பலுக்கு புயல் எச்சரிக்கை காட்ட ஹார்பர்ல ஏத்துவாங்களே, அந்த "கூண்டு எத்தன ஏத்திருக்கான்"னு கேக்காம நைட் ஷிப்டுக்கு சைக்கிள எடுக்க மாட்டாரு. காசிமேட்டுல இன்னிக்கும் அப்படித்தான். கப்பலுக்கு கூண்டுன்னா ஃபிளைட்டுக்கு மீனம்பாக்கத்துல இருக்கற வானிலை ஆளுங்க, அரை மணிக்கு ஒருவாட்டி காத்து எந்தப் பக்கம், எவ்ளோ தூரம் கண்ணு தெரியுது, இடிமேகம் இருக்கானு ரிப்போர்ட் போவும், நடுவுல சட்டுனு மாறிச்சுன்னா அதுக்கு தனியா ஒண்ணு போவும், ராத்திரி பகல்னு கெடையாது.

அமெரிக்காவுல 1977 ஏப்ரல்ல ஒரு ஃபிளைட் ஆலங்கட்டி மழையில மாட்டி ரெண்டு இன்ஜினும் நின்னு ரோட்டுல விழுந்துச்சு. அதுக்கப்புறம்தான் விமானக் கட்டுப்பாட்டு சென்டர்லயே வானிலை ஆளுங்கள உக்கார வெச்சாங்க. ஆனா 1985 ஆகஸ்ட் 2, டல்லாஸ், சாயங்காலம் 6 மணி தாண்டி, ஓடுபாதைக்கு கிட்ட திடீர்னு ஒரு இடிமேகம். அதுலருந்து குளிர்ந்த காத்து மொத்தமா கீழ கொட்டி தரையில அடிச்சு நாலாப்பக்கமும் விரியும், உள்ள போற ஃபிளைட்டுக்கு மொதல்ல எதிர்காத்து, தூக்கி விடும், அடுத்த நிமிஷம் பின்னாடி காத்து, பிடிமானமே போயிடும். எறங்க வந்த ஒரு ஃபிளைட் அதுல மாட்டி விழுந்து 137 பேர் செத்தாங்க. மேகத்துக்குள்ள போனது பைலட்டுங்க எடுத்த முடிவு, விசாரணையிலயும் அதத்தான் பெருசா சொன்னாங்க. ஆனா அந்த நேரத்துல சென்டர்ல இருந்த வானிலை ஆள் சாப்பிட போயிருந்தாரு, மாத்தி உக்கார வேற ஆளில்ல. என்னை தூங்க விடாதது இதுதான். சாப்பிட போறது தப்பா? ஒரே ஆள போட்டதுதான் தப்பு.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் அன்னிக்கு நம்ம ஏர்போர்ட்ட மூடினப்ப எவ்ளோ பேர் திட்டினோம். மூடு மூடுன்னு சொல்ல அங்க ஆள் இருந்ததாலதான் பத்திரமா இருந்தோம்ணே. செலவக் கொறைக்கணும்னா மொதல்ல கை வெக்கறது இந்த மாதிரி எடத்துலதான், ஏன்னா அவங்க வேலைய ஒழுங்கா செஞ்சா ஒண்ணுமே நடக்காது, ஒண்ணும் நடக்காதத யாரு கணக்குல எழுதுவா.

இங்க பிஎஸ்சி பிசிக்ஸ் படிச்ச புள்ளைங்க நாலஞ்சு பேர் இருக்கீங்க. 2022ல ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் வானிலைத் துறைக்கு சயின்டிஃபிக் அசிஸ்டென்ட் 990 எடத்துக்கு பரீட்சை வெச்சாங்க. அடுத்தவாட்டி அறிவிப்பு வந்தா விட்றாதீங்க, அப்ளிகேஷன் போடத் தெரியலன்னா இங்கயே வாங்க, சாயங்காலம் 7 மணிக்கு மேல நான் இருப்பேன்.