இடம் கொடுக்கும் முன் பத்திரத்தைக் காட்டு

அவைத் தலைவர் ஐயா அவர்களே, இரண்டே நிமிடம் என்று தொடங்கி முக்கால் மணி நேரம் முழங்கிய பேராசிரியர் அவர்களே, ஓய்வுபெற்ற நீதியரசர் அவர்களே, பொன்னாடை போர்த்திய மகளிர் மன்றத் தலைவி அவர்களே, பெயர் விடுபட்ட பெரியோர்களே, வணக்கம்.

அயல்நாட்டுத் தூதரகங்களுக்கு அரசு பொதுநிலத்தைக் குத்தகைக்கு விடுவது பற்றி மூன்று செய்தி சொல்ல வந்தேன். ஒன்று சட்டம், இரண்டு பேரம், மூன்று வாடகை.

சட்டம் சுருக்கம்தான். தூதரக உறவுகள் பற்றி நாடுகள் செய்துகொண்ட 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 21ஆம் பிரிவு, வந்த தூதருக்கு இடம் கிடைக்க உதவு என்கிறது. 22ஆம் பிரிவு, அவர் சம்மதமில்லாமல் அந்த வளாகத்துக்குள் உன் போலீஸ் நுழையக் கூடாது என்கிறது. மற்ற குத்தகைக்காரர் பாக்கி வைத்தால் பூட்டுப் போடலாம். தூதரகம் பாக்கி வைத்தால் அதன் வாசலில் நின்று கடிதம்தான் எழுதலாம். ‘இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்’ என்பாள் என் பாட்டி. அவள் வியன்னா போனவள் இல்லை.

ஆஸ்திரேலியாவின் தலைநகர் கான்பெராவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே நிலம் அரசுடையது, குடியிருப்பவர் எல்லாருமே குத்தகைக்காரர். 2008இல் நாடாளுமன்றத்துக்குக் கூப்பிடு தூரத்தில், யாரலம்லா என்ற பகுதியில், புதுத் தூதரகம் கட்ட ரஷ்யாவுக்கு ஒரு மனை கொடுத்தார்கள். கட்டடமோ ஆமையாக நகர்ந்தது. 2022இல் தேசியத் தலைநகர் ஆணையம் குத்தகையை ரத்து செய்தது. ரஷ்யா வழக்குப் போட்டது. 2023 மே மாதம், ரத்து செல்லாது என்று தீர்ப்பு! ஜூன் 15 அன்று அரசு நாடாளுமன்றத்துக்குப் போய், தேசப் பாதுகாப்பு என்று சொல்லி, ஒரே நாளில் தனிச் சட்டமே போட்டுக் குத்தகையை முடித்தது.

பிறகுதான் வேடிக்கை. மனையில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரே ஒரு ஆள். அங்கே அது குளிர்காலம். வெளியே போலீஸ் காவல், கைவைக்க முடியாது, தூதரக ஆள்! உலகமே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடியது. புல்தரையில் யாரோ ஒருவர் நிற்பதால் நாட்டுக்கு ஆபத்தில்லை என்றார் பிரதமர் ஆல்பனீசி. ஜூன் 26 அன்று உயர் நீதிமன்றம் (அந்த நாட்டில் அதுதான் உச்ச நீதிமன்றம்) புதுச் சட்டத்துக்கு இடைக்காலத் தடை தர மறுத்தது. தூதரகக் கார் வந்தது, மனிதர் ஏறிப் போய்விட்டார்.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான். இங்கே கொடுத்தவனே பிடுங்கிக்கொண்டான்! சும்மா இல்லை, சட்டம் செல்லும், ஆனால் இழப்பீடு கொடு என்று 2025 நவம்பரில் அதே நீதிமன்றம் சொன்னது. யார் பணம்? வரி கட்டுகிறவன் பணம்.

பேரம் என்று இரண்டாவதாகச் சொன்னேனே, அது மூடிய அறையில் நடக்கிறது. என் சண்டையே அதோடுதான். பத்து ஆண்டுகளாகக் கத்துகிறேன்: பொதுநிலம் எவருக்குப் போனாலும் சரி, தூதரகமோ கல்லூரியோ கம்பெனியோ, கையெழுத்துப் போடும் முன் பத்திரத்தை ஜனங்கள் பார்க்க ஒட்டு. கான்பெராவில் அப்படி ஒட்டியிருந்தால், ‘நாடாளுமன்றத்துக்கு இவ்வளவு பக்கத்திலா?’ என்று அன்றைக்கே ஒரு கிழவியாவது கேட்டிருப்பாள்.

தலைவர் துண்டுச்சீட்டு நீட்டுகிறார். வாடகை அடுத்த கூட்டத்துக்கு. வாசலில் மேசை போட்டு மனு வைத்திருக்கிறோம், போகும்போது கையெழுத்துப் போடுங்கள். பேனா நூலில் கட்டியிருக்கிறது, இழுக்காதீர்கள். நன்றி, வணக்கம்.