ஆடிய மாகாத்தா, ஆட்டி வைத்த மாகாத்தா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஜெர்மன் கால்பந்து வீரராக இருந்து பயிற்சியாளரான ஃபெலிக்ஸ் மாகாத்தின் பெருமைக்குக் காரணம் அவர் ஆடிய ஆட்டமா, பயிற்சியாளராக மற்றவர்களை ஆட்டி வைத்ததா என்பது இன்றைய கேள்வி. பயிற்சியாளர் மாகாத்தே பெரியவர் என்பது என் கட்சி. ஆடிய மாகாத்தே பெரியவர் என்ற எதிரணி நண்பர் ஏதென்ஸ் மைதானத்தை விட்டு வெளியே வரவே இல்லை. 1983 மே 25, ஐரோப்பிய கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதி. மாகாத் ஆடிய ஜெர்மன் கிளப் ஹாம்பர்க், எதிரில் இத்தாலியின் யுவென்டஸ். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, மாகாத்தின் இடது காலிலிருந்து பந்து வளைந்து போகிறது, யுவென்டஸ் கோல்கீப்பர் சோஃப் எட்ட முடியவில்லை. ஹாம்பர்க் 1-0. முந்தைய ஆண்டு உலகக் கோப்பை வென்ற இத்தாலியர் ஆறு பேர் எதிரில் நின்ற ஆட்டம் அது. அழகான கோல், மறுக்கவில்லை. அந்த வீடியோவை நானே பத்து முறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் அன்று ஹாம்பர்க் பெஞ்சில் பயிற்சியாளராக யார் இருந்தார்? எர்ன்ஸ்ட் ஹாப்பல். 1970-லேயே நெதர்லாந்து கிளப் ஃபெயனூர்டுக்கு இதே கோப்பையை வாங்கித் தந்தவர். ஆக, நண்பர் காட்டிய சாட்சியே ஒரு பயிற்சியாளரின் பெருமையைத்தான் சொல்கிறது!

சரி, ஜெர்மனி சட்டையில்? 43 ஆட்டம், 3 கோல். 1986 உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினா 2-0 என்று முன்னிலையில் இருந்தபோது மாகாத்தை வெளியே அழைத்தார்கள். அவர் போன பிறகுதான் ஜெர்மனி இரண்டு கோல் போட்டுச் சமன் செய்தது. (பிறகு தோற்றது வேறு கதை. நண்பர் முறைக்க வேண்டாம்.)

இப்போது வோல்ஃப்ஸ்பர்குக்கு வாருங்கள். கார் தொழிற்சாலைக்குப் பேர்போன ஊர். 2006, 2007 இரண்டு சீசனிலும் அந்த ஊர் அணிக்கு 15-ஆம் இடம், இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடாமல் தப்பியதே பெரிய காரியம். அங்கே மாகாத் பயிற்சியாளராகப் போனார். ஆள் எடுப்பதும் அவர்தான், அனுப்புவதும் அவர்தான். பயிற்சி மைதானத்தில் ஒரு மேடு கட்டி, படி வைத்து, வீரர்களை ஏறி இறங்க வைத்தார். கனமான மெடிசின் பந்துகளைத் தூக்க வைத்தார். ஜெர்மானியர்கள் சும்மாவா அவர் பெயரையே திரித்து, வதைப்பவர் என்று பொருள்பட 'குவேலிக்ஸ்' என்றார்கள்?

வதைத்தார், சரி. விளைந்தது என்ன? 2008-09-இல் வோல்ஃப்ஸ்பர்க் முன்கள வீரர்கள் கிராஃபிட்டே 28 கோல், ஜெக்கோ 26 கோல். பயர்ன் மியூனிக்கின் கெர்ட் முல்லர், உலி ஹோனஸ் ஜோடி 1971-72-இல் அடித்த 53-ஐ ஒரு கோலில் தாண்டினார்கள். ஏப்ரலில் அந்தப் பயர்ன் மியூனிக்குக்கு எதிராக ஐந்து கோல். மே மாதம் ஜெர்மன் லீக் பட்டம், அந்த ஊருக்கு முதல் தடவை. லீக் பட்டத்துக்குக் கோப்பை கிடையாது, தாம்பாளம் மாதிரி ஒரு வெள்ளித் தட்டுதான் தருவார்கள். அதற்கு முன்பே 2005, 2006 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் லீகையும் ஜெர்மன் கோப்பையையும் சேர்த்து பயர்னுக்கு வாங்கிக் கொடுத்தவரும் இவர்தான். இவருக்கு முன் ஜெர்மனியில் யாரும் அதைச் செய்ததில்லை.

2014-இல் மாகாத் பயிற்சியாளராக இருந்தபோது இங்கிலாந்தின் ஃபுல்ஹாம் கீழ் டிவிஷனுக்கு இறங்கியதே என்று எதிரணியில் முணுமுணுப்பது கேட்கிறது. இறங்கியது, ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் 2022-க்கு வாருங்கள். மாகாத்துக்கு 68 வயது. அவர் பயிற்சியாளராக இருந்த ஹெர்தா பெர்லின் இரண்டாம் டிவிஷனுக்கு விழும் நிலை. கடைசி வாய்ப்பாக இரண்டு ஆட்டம். எதிரில் யார்? இரண்டாம் டிவிஷனிலிருந்து மேலே ஏறத் துடித்த அதே ஹாம்பர்க்! பெர்லினில் 0-1 தோல்வி. ஹாம்பர்கில் போய் 2-0 வெற்றி. ஹெர்தா தப்பியது, ஹாம்பர்க் இரண்டாம் டிவிஷனிலேயே கிடந்தது.

ஏதென்ஸில் அவர் கால் தூக்கிவிட்ட அணியை, நடுவர் அவர்களே, அவர் மூளையே கீழே நிறுத்தி வைத்தது. எந்த மாகாத் பெரியவர் என்று அன்று ஹாம்பர்க் ரசிகர்களைக் கேட்டிருக்க வேண்டும்!