பாசிசமா, பாயாசமா? ஏற்காட்டு மேட்டில் உட்கார்ந்து ஒரு பேச்சு

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சுற்றிக்காட்டுகிற வீடியோ இல்லை, பேசுகிற வீடியோ. லேடீஸ் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் வெள்ளையாகத் தெரிவது மேகம். அதற்கு அடியில் சேலம் இருக்கிறது, நம்புங்கள். காற்று இரையும், இயர்போன் போட்டுக்கொண்டால் நல்லது.

2024 அக்டோபரில் தன் கட்சியின் விக்கிரவாண்டி மாநாட்டில் விஜய், பாஜகவைப் பாசிசம் என்று சொல்கிற திமுகவைப் பார்த்து, "அவங்க பாசிசம்னா நீங்க என்ன பாயாசமா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கும். அன்றிலிருந்து நம் ஊரில் யாராவது பாசிசம் என்று ஆரம்பித்தாலே பக்கத்தில் நிற்பவர் பாயாசம் என்று முடித்துவிடுகிறார். மலை ஏறுவதற்கு முன் அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட் சாப்பிட நின்றேன். அங்கேயும் இதே பேச்சு, இன்றைக்கு இந்தியாவில் நடப்பது பாசிசமா இல்லையா என்று. தட்டுவடை மேல் கேரட், பீட்ரூட் துருவலை வைத்து இன்னொரு தட்டுவடையால் மூடிக்கொண்டே கடைக்கார அண்ணன் கேட்டார்: "ஓட்டுப் போட்டு ஆட்சிய மாத்த முடியுதுல்லங்க? அப்புறம் என்ன பாசிசம்?" வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், "எமர்ஜென்சியப் பாத்தவன் நானு. அதுக்கு மேல ஒண்ணும் கெடையாது" என்றார். காலேஜ் பையன் ஒருவன் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "ஹிட்லரே ஓட்டு வாங்கித்தான் வந்தான் தாத்தா" என்றான். மூன்று பேருக்கும் அங்கேயே பதில் சொல்லியிருந்தால் செட் நமத்துப் போயிருக்கும். அதனால் மேலே வந்து சொல்கிறேன்.

முதலில் அந்தத் தம்பிக்கு. ஹிட்லர் ஓட்டு வாங்கினார், சரி. ஆனால் சுதந்திரமாக நடந்த எந்தத் தேர்தலிலும் பெரும்பான்மை வாங்கவில்லை. 1932 ஜூலையில் 37 சதவீதம். அதே வருடம் நவம்பரில் 33. கட்சி இறங்குமுகத்தில் இருந்தது. அப்படி இருந்தவரைத்தான் 1933 ஜனவரி 30 அன்று அதிபர் ஹிண்டன்பர்க் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார். ஆளை நம் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று பாப்பன் போன்ற பழமைவாதத் தலைவர்கள் போட்ட கணக்கு அது. கணக்கு எங்கே போய் முடிந்தது என்பது உங்களுக்கே தெரியும்.

இத்தாலியின் முசோலினி கதையை நாம் சரியாகப் படிப்பதே இல்லை. ஆனால் எல்லாம் அங்கேதான் ஆரம்பம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 1921 தேர்தலில் 535 இடங்களில் பாசிஸ்டுகளுக்குக் கிடைத்தது 35. அதுவும் ஜொலித்தி என்கிற பழுத்த லிபரல் தலைவர் தன் கூட்டணியில் சேர்த்துக்கொண்டதால் கிடைத்தது. நாடாளுமன்றத்தில் அவ்வளவுதான் பலம். உண்மையான பலம் வயல்வெளியில் இருந்தது. வடக்கு இத்தாலியில் போ ஆற்றுச் சமவெளியில் விவசாயக் கூலிகளின் சங்கங்கள் வலுவாக இருந்தன. அவற்றை உடைக்க நிலச்சுவான்தார்கள் பணம் கொடுத்தார்கள். முசோலினியின் அடியாள் படையான கறுப்புச் சட்டைக்காரர்கள் லாரியில் வந்து இறங்குவார்கள், சங்க அலுவலகத்துக்குத் தீ வைப்பார்கள், சங்கத் தலைவரைப் பிடித்துக் கட்டிப்போட்டு வாயில் விளக்கெண்ணெயை ஊற்றுவார்கள். ஆமாம், நம் பாட்டி வயிறு சுத்தமாக ஒரு கரண்டி கொடுக்குமே, அதே விளக்கெண்ணெய்தான். அளவில்லாமல் ஊற்றினால் என்ன ஆகும்? நேற்றுவரை ஊர் மதித்த மனிதர், தெருவில் எல்லாரும் பார்க்க, உடுத்திய துணியிலேயே கழிய வேண்டும். அந்த அவமானத்துக்குத்தான் இத்தனையும். போலீஸ் பெரும்பாலும் வேடிக்கை பார்த்தது, சில இடங்களில் கூடவே நின்றது.

அப்புறம் 1922 அக்டோபர் 28, பாசிஸ்டுகள் ரோமை நோக்கிப் பேரணி கிளம்பினார்கள். பிரதமர் ஃபாக்டா ராணுவச் சட்ட ஆணையைத் தயார் செய்து அரசரிடம் நீட்டினார். அரசர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் கையெழுத்துப் போடவில்லை. படையோடு வந்த வீரர் என்று பிற்பாடு பாட்டுப் பாடினார்களே, அந்த முசோலினி அப்போது மிலானில் இருந்தார். அரசர் அழைப்பு வந்த பிறகு, நாம் ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போவது மாதிரி ராத்திரி ரயிலில் தூங்கிக்கொண்டு போய்க் காலையில் ரோமில் இறங்கினார். புரட்சியும் இல்லை, தேர்தல் வெற்றியும் இல்லை. உள்ளே இருந்தவர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள்.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது வருகிறது. பதவியேற்ற மறுநாளே இத்தாலியில் விளக்கு அணையவில்லை. முதல் அமைச்சரவையே கூட்டணிதான். லிபரல்கள் இருந்தார்கள், கத்தோலிக்க மக்கள் கட்சிக்காரர்கள் இருந்தார்கள், பாசிஸ்டுகள் அதில் சிறுபான்மை. நாடாளுமன்றம் கூடியது. எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் அடி வாங்கிக்கொண்டே வந்துகொண்டிருந்தன. 1923இல் அச்செர்போ சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அதிக ஓட்டு வாங்குகிற பட்டியல் 25 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் போதும், மூன்றில் இரண்டு பங்கு இடம் அதற்கே. இதற்குக் கை தூக்கியவர்களில் நிறைய லிபரல்கள். 1924 ஏப்ரலில் தேர்தலும் நடந்தது. மே 30 அன்று ஜாகோமோ மத்தியோட்டி என்கிற சோஷலிஸ்ட் உறுப்பினர் எழுந்து, கூச்சலுக்கு நடுவே, இந்தத் தேர்தல் மிரட்டலில் நடந்தது, செல்லாது என்று பேசினார். ஜூன் 10 அன்று ரோமில் பட்டப்பகலில் அவரைக் காரில் தூக்கிப்போட்டுக் கொன்றார்கள். உடல் ஆகஸ்டில்தான் கிடைத்தது. நாடே கொதித்தது. எதிர்க்கட்சிகள் அவையை விட்டு வெளியேறி, அரசர் ஏதாவது செய்வார் என்று காத்திருந்தன. அரசர் ஒன்றும் செய்யவில்லை. 1925 ஜனவரி 3 அன்று முசோலினி அவையில் நின்று, நடந்த எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை. 1926 நவம்பரில் மற்ற கட்சிகளைக் கலைத்தார்கள். எம்.பி.யாக இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் கிராம்ஷியையே பிடித்து உள்ளே போட்டார்கள்.

பதவியேற்பிலிருந்து அந்த ஜனவரி வரைக்கும் இரண்டு வருடத்துக்கும் மேல். அந்தக் காலத்தில் இத்தாலியில் ஒரு தட்டுவடைக் கடை இருந்திருந்தால் அங்கேயும் ஒரு அண்ணன், "தேர்தல் நடக்குதுல்லங்க?" என்றுதான் கேட்டிருப்பார், அவர் கேட்டதில் தப்பும் இல்லை. நாம் என்ன செய்கிறோம்? இன்றைய ஜனநாயகத்தை எடுத்துக்கொண்டு 1942 வதைமுகாமோடு ஒப்பிடுகிறோம். அப்படி ஒப்பிட்டால் எந்த நாடும் தப்பித்துவிடும். ஒப்பிட வேண்டியது 1922க்கும் 1925க்கும் நடுவில் இருந்த அந்தக் குழப்பமான காலத்தோடு. அப்போது எது எது இன்னும் வேலை செய்தது, எது நின்றுபோனது, யார் கையெழுத்துப் போட்டார்கள், யார் போடாமல் விட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

சரி, பெரியவரிடம் வருகிறேன். எமர்ஜென்சி. 1975 ஜூன் 25 ராத்திரி ஆரம்பித்து 1977 மார்ச் 21 வரை. விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கிற மிசா சட்டத்தில் கைது, பத்திரிகைத் தணிக்கை, 1976 ஜனவரி 31 அன்று திமுக ஆட்சிக் கலைப்பு. சட்டத்துக்குப் புறம்பாக அடைத்தாலும் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். கொடுமை, சந்தேகமே இல்லை. ஆனால் என் கணக்கில் அது பாசிசம் இல்லை. இந்திரா காந்திக்குக் கறுப்புச் சட்டைப் படை தேவைப்படவில்லை. இருக்கிற போலீஸ், இருக்கிற கலெக்டர், எமர்ஜென்சி அறிவிக்க அரசியல் சட்டத்தில் இருக்கிற 352ஆம் பிரிவு போதுமாக இருந்தது. அவரே தேர்தலை அறிவித்தார், ரேபரேலியில் தோற்றார், இறங்கினார். பயம் வர வேண்டியதும் இதனால்தான்: பாசிசம் இல்லாமலேயே இவ்வளவு செய்ய முடிந்தது. 1978இல் அரசியல் சட்டத்தின் 44ஆவது திருத்தம், எமர்ஜென்சிக்கான காரணங்களில் 'உள்நாட்டுக் குழப்பம்' என்பதை எடுத்துவிட்டு 'ஆயுதமேந்திய கிளர்ச்சி' என்று போட்டுக் கதவைக் கொஞ்சம் இறுக்கியது. ஒன்று மட்டும் பெரியவரிடம் கேட்காமல் விட்டேன். வடக்கே எமர்ஜென்சிக்கு எதிராக அடித்துத் துவைத்த அதே 1977 தேர்தலில் தமிழ்நாட்டில் 39இல் 34ஐ அதிமுக, காங்கிரஸ் கூட்டணிக்கு அள்ளிக்கொடுத்தவர்கள் நாம்தானே. இதை ஏனோ மேடையில் யாரும் பேசுவதில்லை.

நான் நின்ற அஸ்தம்பட்டியிலேயே சேலம் மத்தியச் சிறை இருக்கிறது. 1950 பிப்ரவரி 11 அன்று அங்கே அரசியல் கைதிகள் மேல் துப்பாக்கிச்சூடு நடந்து 22 பேர் செத்தார்கள். கம்யூனிஸ்டுகள், பெரும்பாலும் மலபார்ப் பக்க விவசாய இயக்கத்துக்காரர்கள். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. 2017இல் இதே சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த பெரியார் பல்கலைக்கழக மாணவி ஒருவர் மேல் குண்டாஸ் போட்டார்கள், உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2018இல் சென்னை-சேலம் எட்டுவழிச்சாலை வேண்டாம் என்ற விவசாயிகளையும் அவர்களுக்காகப் பேசியவர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். 2019 ஏப்ரலில் நிலம் கையகப்படுத்தியதை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்துக்கு வழி விட்டது. இதையெல்லாம் பாசிசம் என்று ஒரே வார்த்தையில் அடித்துவிடலாம், கைதட்டும் கிடைக்கும். எனக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. ஜனநாயக அரசுக்கே இந்தப் பழக்கம் உண்டு, எல்லாக் கட்சி ஆட்சியிலும் உண்டு. பாசிசம் என்று சொல்லிவிட்டால் அந்தப் பழி மொத்தமும் நமக்குப் பிடிக்காத கட்சியின் தலையில் போய்விடும், நம் கட்சி தப்பித்துவிடும்.

இன்றைய இந்தியா? நழுவுகிறான் என்று சொல்வீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். நாடுகளின் ஜனநாயகத்தை அளந்து ஸ்வீடனில் இருந்து வருகிற வி-டெம் அறிக்கை 2021இல் நம்மைத் தேர்தல் நடக்கிற எதேச்சாதிகாரம் என்ற வரிசையில் வைத்தது, அரசு அதை ஏற்கவில்லை. திருச்சி மாவட்டம் விரகாலூர்க்காரர், பழங்குடிகளுக்காக உழைத்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, பயங்கரவாதத் தடுப்புக்கான உபா சட்ட வழக்கில் 83 வயதில் கைதானார். நடுக்குவாத நோயாளி. டம்ளரைப் பிடிக்க முடியாது, உறிஞ்சிக் குடிக்கிற குவளை வேண்டும் என்று கோர்ட்டில் மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலையில், விசாரணையே ஆரம்பிக்காமல், காவலில் இறந்தார். உபாவில் ஜாமீன் கிடைப்பதை இப்படி இறுக்கிய திருத்தம் 2008இல் காங்கிரஸ் ஆட்சியில் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இன்னொரு பக்கம், கட்சிகளுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதை மறைத்த தேர்தல் பத்திரத்தை 2024இல் உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் ரத்து செய்தது. தேர்தலுக்கு முன் கைதான அப்போதைய டெல்லி முதல்வர் கெஜ்ரிவாலுக்குப் பிரசாரம் செய்ய இடைக்கால ஜாமீன் கொடுத்தது. அந்த மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சியான பாஜக 272 தேவைப்படும் இடத்தில் 240இல் நின்றது. இது 1925 ஜனவரி இத்தாலி இல்லை. கடைக்கார அண்ணன் சொன்னதில் பலம் இருக்கிறது.

ஓட்டுக்கும் இடத்துக்கும் பொருந்தவில்லை என்பதை மட்டும் வைத்தும் தீர்ப்பு எழுத முடியாது. 2024இல் இங்கே திமுக கூட்டணி பாதிக்கும் குறைவான ஓட்டில் 39க்கு 39 எடுத்தது. அது பழைய விதி, எல்லாருக்கும் ஒரே விதி. ஆட்சியில் இருப்பவரே தன் வசதிக்கு விதியை மாற்றினால் கதை வேறு. ஹங்கேரியில் ஓர்பான் தேர்தல் சட்டத்தை மாற்றி 2014இல் 45 சதவீத ஓட்டில் மூன்றில் இரண்டு பங்கு இடம் எடுத்தார். எனக்கு அச்செர்போ ஞாபகம்தான் வந்தது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ராபர்ட் பாக்ஸ்டன் டிரம்ப்பை பாசிஸ்ட் என்று சொல்ல ரொம்ப நாள் தயங்கினார். 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவுக் கும்பல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் புகுந்த பிறகுதான் தயக்கத்தை விட்டார். அவர் பார்த்தது ஓட்டுக் கணக்கை இல்லை, கும்பலை.

இந்தியாவில் எனக்கு நிம்மதி இல்லாத இடமும் அந்தக் கும்பல்தான். 2018இல் ஜார்க்கண்டில் மாட்டிறைச்சிக் கும்பல் கொலையில் தண்டனை பெற்று ஜாமீனில் வந்தவர்களுக்கு மத்திய அமைச்சர் ஒருவர் மாலை போட்டார். பிறகு வருத்தம் தெரிவித்தார், உண்மை. ஆனால் மாலை விழுந்துவிட்டது. கட்சியின் தடிக்கும் அரசின் தடிக்கும் நடுவில் இருக்கிற கோடு எங்கே அழிகிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். அண்ணன் சொல்கிற தேர்தல் 1924இல் இத்தாலியிலும் நடந்தது. தோற்றவர் அடுத்த தேர்தலுக்கு உயிரோடு, வெளியில் இருக்கிறாரா என்பது அதோடு சேர்ந்த கேள்வி.

இதையெல்லாம் ஆளுங்கட்சியிடம் கேட்பதைவிட, அது டெல்லியோ சென்னையோ, அதைத் தாங்கி நிற்கிற கூட்டணிக் கட்சிகளிடம் கேட்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஜொலித்தியும் பாப்பனும் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். இப்போது 240க்கும் 272க்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள் தெலுங்கு தேசமும் ஐக்கிய ஜனதா தளமும்.

பேட்டரி சிவப்பில் போய்விட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எமர்ஜென்சிச் சேலத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு எழுதி அனுப்புங்கள், அடுத்த வீடியோ அதுதான். பாயாசம் என்று மட்டும் எழுதாதீர்கள், போதும்.